நிமோனியாவுக்குப் பிறகு அப்பா குழம்பிப் பேசுகிறார்: வைரஸ் மூளைக்குப் போய்விட்டதா?

கேள்வியின் சாரம் இது. அப்பாவுக்கு 64 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. ஃப்ளூ காய்ச்சலாக ஆரம்பித்தது இரண்டு நுரையீரலிலும் நிமோனியாவாக முற்றி, 11 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். இப்போது டியூபை எடுத்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். காலையில் ஆளை அடையாளம் கண்டு நன்றாகப் பேசுகிறவர், பொழுது சாய்ந்ததும் மாறிவிடுகிறார். ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்குகிறார். நர்ஸ் தன்னைக் கொல்லப் பார்க்கிறார் என்கிறார். கால்களைத் தூக்கவும் முடியவில்லை. வைரஸ் மூளைக்குள் போய்விட்டதா, இனி இப்படியே இருந்துவிடுவாரா என்று மகள் கேட்டிருக்கிறார்.

நான் நரம்பியல் மருத்துவர். ஐசியுவிலிருந்தும் வார்டிலிருந்தும் எங்களை அழைத்துப் பார்க்கச் சொல்லும் நோயாளிகளில் பெரும்பகுதி இப்படித்தான் இருப்பார்கள். உங்கள் அப்பாவை நேரில் பரிசோதிக்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், வைரஸ் மூளைக்குள் போயிருக்க வாய்ப்பு குறைவு. மூளை பாதிக்கப்பட்டிருப்பது உண்மை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் வீட்டார் பயந்துபோகிறார்கள், சில சமயம் சரிசெய்யக்கூடிய காரணங்களும் கண்ணில் படாமல் போகின்றன.

2020 வசந்த காலத்தில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகர மருத்துவர்கள் கடும் கோவிட் நுரையீரல் பாதிப்போடு ஐசியுவில் இருந்த 58 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 40 பேருக்குக் கடுமையான மனக்கிளர்ச்சி இருந்தது. 39 பேரிடம் மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதை பாதிக்கப்பட்டதன் அறிகுறிகள் தெரிந்தன. ஆனால் முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுவட நீரை எடுத்துப் பார்த்த 7 பேரில் ஒருவருக்குக்கூட அந்த நீரில் வைரஸ் இல்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தினர் கோவிட்டில் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோதும் இதே கதைதான்: மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவர் சேதமடைந்து கசிந்திருந்தது, வைரஸ் தென்படவில்லை. ஃப்ளூவிலும் மூளை பாதிக்கப்பட்டவர்களின் தண்டுவட நீரில் வைரஸ் அபூர்வமாகத்தான் கிடைக்கிறது.

அப்படியென்றால் மூளைக்கு என்னதான் ஆகிறது? உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான், ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. நுரையீரலில் நீரும் சளியும் நிரம்பி ஆக்சிஜன் இறங்கினால் முதலில் தடுமாறுவது அதுதான். கரியமில வாயு வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கினாலும் ஆள் அரைத்தூக்கத்துக்குப் போய்விடுவார். வைரஸை எதிர்க்க உடல் கிளப்பிவிடும் அழற்சி, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பைத் தளர்த்திவிடுகிறது. ரத்தம் கட்டியாவதும் கூடுகிறது. போதாதற்கு நாள்கணக்கில் செலுத்தும் மயக்க மருந்து, குறைந்துபோன சோடியம், ஏறி இறங்கும் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, தூக்கமே இல்லாத இரவுகள். பெரும்பாலான நோயாளிகளில் ஒரே ஒரு காரணம் இருக்காது. நான்கைந்து காரணங்கள் சேர்ந்துகொண்டிருக்கும். அவற்றில் பாதியை அன்றே திருத்திவிடலாம் என்பதுதான் இதில் நல்ல செய்தி.

வாசனை போவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோவிட்டில் மூக்கு வாசனை இழப்பதைப் பார்த்துத்தான் வைரஸ் நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது என்ற பேச்சு பரவியது. வைரஸ் ஒட்டிக்கொள்ள உதவும் ஏற்பி, வாசனை நரம்பணுக்களைச் சுற்றி அவற்றைத் தாங்கும் துணை அணுக்களில்தான் இருக்கிறது என்று பிறகு தெரியவந்தது. துணை அணுக்கள் புதுப்பிக்கப்படுவதால்தான் பெரும்பாலானவர்களுக்கு வாசனை சில வாரங்களில் திரும்பியது.

சரி, அப்பாவின் விஷயத்துக்கு வருவோம். காலையில் தெளிவு, மாலையில் குழப்பம், பக்கத்தில் இருப்பவர்மேல் சந்தேகம்: நீங்கள் விவரித்திருப்பது டெலிரியம். இது மனநோயும் இல்லை, அவருக்குத் திடீரென்று மறதி நோய் வந்துவிட்டது என்றும் பொருள் இல்லை. உடல் நோயால் மூளை தற்காலிகமாகத் தடுமாறும் நிலை. படுக்கையருகே நாங்கள் இதைச் சோதிப்பது மிக எளிய முறையில்தான். இருபதிலிருந்து ஒன்று வரை பின்னோக்கி எண்ணச் சொல்வோம். 20, 19, 18 என்று வந்து, 17-இல் நின்று, "அந்தக் கதவ யாரு திறந்து வெச்சா?" என்று கேட்பார். எண்ணத் தெரியாமல் இல்லை, ஒரு விஷயத்தில் கவனத்தை நிறுத்தி வைக்க முடியவில்லை. டெலிரியத்தின் அடையாளமே இந்தக் கவனச் சிதறல்தான். மாலையில் நீங்களே இதைச் செய்து பாருங்கள், காலையில் ஒரு முறை செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் தகவல் மருத்துவருக்கு மிகவும் பயன்படும்.

டெலிரியத்தில் இன்னொரு வகை உண்டு, அதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. ஆள் கத்த மாட்டார், ஊசியைப் பிடுங்க மாட்டார். சும்மா கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பார். கேட்டால் ஒரு வார்த்தையில் பதில். "இன்னிக்கு அப்பா தொந்தரவே பண்ணல, அமைதியா இருக்கார்" என்று வீட்டாரும் நிம்மதி அடைவார்கள், வார்டும் நிம்மதி அடையும். அது முன்னேற்றமாக இருக்கலாம். மூளை இன்னும் மங்கியதாலும் இருக்கலாம். எண்ணச் சொல்லிப் பார்த்தால்தான் எதுவென்று தெரியும்.

14 நாடுகளில் 69 ஐசியுக்களில் 2088 கோவிட் நோயாளிகளை ஆராய்ந்த கட்டுரை 2021-இல் வந்தது. 55 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்திருந்தது. மிடசோலம் போன்ற, தூக்கமும் மயக்கமும் தரும் பென்சோடயசிபைன் வகை மருந்து பெற்றவர்களுக்கு அது அதிகமாகவும், உறவினர்கள் நேரிலோ வீடியோ காலிலோ வந்து பேசியவர்களுக்குக் குறைவாகவும் இருந்தது. தொற்று பயத்தில் யாரையும் உள்ளே விடாத அந்த நாட்களில் இதைப் படித்தபோது என் மனம் கனத்தது. பக்கத்தில் ஒரு தெரிந்த முகம் இருப்பது ஆறுதலுக்கான ஏற்பாடு என்று மட்டும் நினைத்துவிட்டோம். அது வைத்தியத்தில் ஒரு பகுதி.

அதனால் நீங்கள் செய்யக்கூடியது நிறைய. அப்பாவின் மூக்குக் கண்ணாடியையும், காது மிஷின் இருந்தால் அதையும், பல் செட்டையும் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள். ஐசியுவில் சேர்க்கும்போது ஒரு கவரில் போட்டுக் கொடுத்திருப்பார்கள், பீரோவில் இருக்கும். கண்ணும் காதும் சரியாக வேலை செய்யாத மனிதரிடம் குழப்பம் தெளியவில்லை என்று சொல்வது நியாயமில்லை. கட்டிலுக்கு எதிரே பெரிய கடிகாரமும் தினசரி காலண்டரும் மாட்டுங்கள். ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும், "அப்பா, நான் வந்திருக்கேன். இன்னிக்கு வியாழக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி. நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க, நிமோனியா வந்து இப்ப சரியாகிட்டு வருது" என்று சொல்லுங்கள். மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருக்கும், சலித்துக்கொள்ளாதீர்கள். படுக்கையில் எறும்பு ஊருகிறது என்றால், "எறும்பே இல்லையே" என்று வாதாட வேண்டாம். விரிப்பை உதறி விரித்துவிட்டு, "பாத்துட்டேன்பா, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று சொன்னால் போதும். பகலில் ஜன்னல் திரையைத் திறந்து வைத்து உட்கார வையுங்கள். இரவில் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். நடு ராத்திரியில் பிபி பார்ப்பது, உடம்பு துடைப்பது, ரத்தம் எடுப்பது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடிக்க முடியுமா என்று நர்ஸிடம் பணிவாகக் கேளுங்கள். முடிந்தவரை செய்வார்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. சிறுநீர் டியூப் இன்னும் தேவைதானா? மலம் போய் எத்தனை நாளாகிறது? சோடியம், சர்க்கரை, ஆக்சிஜன் எப்படி இருக்கின்றன? புதிதாகக் காய்ச்சல் இருக்கிறதா? இரவில் தூங்க அல்பிரசோலம் மாதிரி பென்சோடயசிபைன் மாத்திரை போகிறதா? தூங்க வைக்கக் கொடுக்கும் அந்த மாத்திரையே குழப்பத்தை நீட்டிக்கும். இதில் ஒரு முக்கியமான விலக்கு இருக்கிறது. அப்பா தினமும் மது குடிப்பவராகவோ, வருடக்கணக்கில் தூக்க மாத்திரை போட்டவராகவோ இருந்தால், திடீரென்று நிறுத்தியதாலேயே டெலிரியம் வரலாம். அப்போது வைத்தியமே வேறு: இதே பென்சோடயசிபைன் மருந்தும், தயமின் வைட்டமினும் கட்டாயம் தேவைப்படும். அக்கம் பக்கத்தில் உறவினர்கள் நிற்கிறார்கள் என்ற கூச்சத்தில் குடிப்பழக்கத்தை மறைப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மருத்துவரைத் தனியாக அழைத்தாவது சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் டெலிரியம்தான் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடவும் கூடாது. ஒரு பக்கக் கை கால் மட்டும் பலவீனம், வாய் கோணல், பேச்சு திடீரெனக் குழறுவது அல்லது நின்றுபோவது, ஒரு பக்கப் பார்வை போவது: இவை பக்கவாதத்தின் அறிகுறிகள். கடுமையான நுரையீரல் தொற்றுக்குப் பிறகு அந்த அபாயம் கூடுகிறது. நியூயார்க்கில் இரண்டு மருத்துவமனைகளின் கணக்கில், கோவிட்டுக்கு வந்த 1916 பேரில் 31 பேருக்குப் பக்கவாதம் வந்தது, ஃப்ளூவுக்கு வந்த 1486 பேரில் 3 பேருக்கு. ஃப்ளூவில் குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நான்கரை மணி நேரம். ஆகவே கடைசியாக அவர் எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள். எங்கள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.

காரணமே தெரியாமல் உணர்வு மங்கி, கண் ஒரு பக்கமாக நிலைகுத்தியோ இமையோ உதடோ துடித்தபடியோ இருந்தால், வெளியே தெரியாத வலிப்பு மூளையில் ஓடிக்கொண்டிருக்கலாம். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி எடுத்தால்தான் தெரியும். மூளைக் காய்ச்சல், அதாவது மூளையிலேயே வரும் அழற்சி, அபூர்வம். அதைச் சந்தேகித்தால் எம்ஆர்ஐயும் தண்டுவட நீர்ப் பரிசோதனையும் செய்வார்கள். முதுகில் ஊசி போட்டால் கால் செயலிழந்துவிடும் என்று பயந்து கையெழுத்துப் போட மறுக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த ஊசி, தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் இறங்குகிறது. தேவை என்று சொன்னால் தயங்காதீர்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இதையும் சொல்கிறேன். 2021-இல் கோவிட்டின் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை எத்தனை பேரின் கண்ணையும் உயிரையும் பறித்தது என்று நமக்குத் தெரியும். அந்த மே மாதம் தமிழ்நாடு அரசும் அதை மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோயாக்கியது. கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் அது மூக்கில் ஆரம்பித்து, கண் வழியாக மூளைக்கு ஏறும். ஃப்ளூவில் அந்த அளவுக்கு வருவதில்லை. ஆனாலும் ஒரு பக்க முக வலி, மூக்கிலிருந்து கருப்பாக வடிதல், கண் வீங்குவது, பொருட்கள் இரண்டிரண்டாகத் தெரிவது, பல் ஆடுவது ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே சொல்லுங்கள்.

இனி கால் பலவீனம். வென்டிலேட்டரில் நாள்கணக்கில் இருந்தவர்களுக்கு நரம்பும் தசையும் சேர்ந்து தளர்ந்துபோவது மிகச் சாதாரணம். கனடாவின் சார்ல்ஸ் போல்ட்டன் 1984-இல் இதன் நரம்புப் பகுதியை விவரித்தார். அதுவரை வென்டிலேட்டரை ஏன் எடுக்க முடியவில்லை என்று புரியாமல் இருந்த பல நோயாளிகளுக்கு அது விடை தந்தது. இந்தப் பலவீனம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். தோளிலும் இடுப்பிலும் அதிகம் தெரியும். முகம் பெரும்பாலும் தப்பிவிடும். பிசியோதெரபியும் புரதம் நிறைந்த சாப்பாடும் இதற்கான வைத்தியம், வாரங்களிலும் மாதங்களிலும் தேறும். ஒரு கால் பாதம் மட்டும் தொங்கினால், முழங்காலுக்கு வெளிப்புறம் கீழே ஓடும் நரம்பு அழுந்தியிருக்கலாம். எடை குறைந்து ஒரே பக்கமாகக் கால் சாய்ந்து கிடந்தால் இப்படி ஆகும். நடக்க ஆரம்பித்ததும் அந்தக் காலில் செருப்பு நிற்காது, கழன்று கழன்று விழும். அதை முதலில் கவனிப்பது வீட்டார்தான்.

இவை இரண்டுக்கும் மாறாக, காய்ச்சல் வந்த ஒன்றிரண்டு வாரத்தில் பாதத்தில் மதமதப்பு தொடங்கி, பலவீனம் நாளுக்கு நாள் மேலே ஏறி, முகத்தையோ விழுங்குவதையோ மூச்சையோ தொட்டால் அது கில்லான் பாரே நோயாக இருக்கலாம். உடலின் எதிர்ப்பாற்றல் தன் நரம்பையே தாக்குவதால் வருவது. கோவிட்டின் ஆரம்பத்திலேயே வட இத்தாலியிலிருந்து இப்படி 5 பேரைப் பற்றிய தகவல் வந்தது. இம்யூனோகுளோபுலின் ஊசி அல்லது பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை இதற்கு உண்டு, ஆனால் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும். அப்பாவின் பலவீனம் ஏறுகிறதா, அப்படியே இருக்கிறதா, குறைகிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி.

தொண்டை டியூபை எடுத்த புதிதில் விழுங்கும் தசைகளும் சோர்ந்திருக்கும். ஆசையாகக் கேட்கிறாரே என்று ஒரு வாய் காபி கொடுத்து, அது நுரையீரலுக்குள் இறங்கி, மறுபடி நிமோனியாவாகி ஐசியுவுக்கே திரும்பியவர்கள் இருக்கிறார்கள். விழுங்கும் பரிசோதனை முடியும்வரை வாயில் எதுவும் கொடுக்காதீர்கள்.

வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கும் இதே காய்ச்சல் வந்திருக்கலாம் என்பதால் குழந்தைகளைப் பற்றியும் சொல்கிறேன். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளில் நூறில் இரண்டிலிருந்து ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். பார்க்க உயிரே போவது போலிருக்கும், ஆனால் பெரும்பாலும் சில நிமிடத்தில் அடங்கிவிடும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணியைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதாலோ வாயில் ஸ்பூன் வைப்பதாலோ பயன் இல்லை, ஸ்பூன் பல்லை உடைத்து மூச்சை அடைக்கும். ஐந்து நிமிடம் தாண்டினாலும், வலிப்பு நின்ற பிறகு குழந்தை வழக்கம்போல் விழிக்காமல் மந்தமாகவே கிடந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஜப்பானிய மருத்துவர் மிசுகுச்சி 1995-இல் விவரித்த ஒரு கொடிய நோய் இருக்கிறது. ஃப்ளூ வந்த ஓரிரு நாளில் மூளையின் நடுவே தாலமஸ் என்ற பகுதி இரண்டு பக்கமும் அழுகிவிடும். மிக அபூர்வம். ஆனால் அமெரிக்காவில் அண்மையில் ஓர் ஆய்வில் பதிவான, இந்த நோய் வந்த 41 குழந்தைகளில் 27 சதவீதம் பேர் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் அதுவரை ஆரோக்கியமாக இருந்தவர்கள், அந்த வருட ஃப்ளூ தடுப்பூசி போட்டவர்கள் மிகச் சிலரே. எந்த மருந்தைவிடவும் வருடம் ஒரு தடுப்பூசி இங்கே அதிகம் காப்பாற்றும் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம், காய்ச்சலில் குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஆஸ்திரேலிய நோயியல் மருத்துவர் டக்ளஸ் ரே 1963-இல் விவரித்த ரே நோயில், ஃப்ளூவோ சின்னம்மையோ ஆறிவரும்போது மூளை வீங்கி ஈரலும் கெடும். அமெரிக்காவில் 1980-இல் 555 குழந்தைகளுக்கு வந்தது. ஆஸ்பிரினோடு தொடர்பு தெரிந்து எச்சரிக்கை விடுத்தபின், 1987 முதல் எந்த வருடமும் 36-ஐத் தாண்டவில்லை. எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் போதும்.

இனி இப்படியே இருந்துவிடுவாரா என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. டெலிரியம் பெரும்பாலும் நாட்களில், சிலருக்கு வாரங்களில் தெளியும். ஆனால் அதன் பின் ஒரு நீண்ட நிழல் இருக்கிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தினர் ஐசியுவில் இருந்த 821 பேரைப் பின்தொடர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களில் 40 சதவீதம் பேரின் சிந்தனைத் திறன், நடுத்தரமான தலைக்காயம் பட்டவர்களின் அளவில் இருந்தது. ஒரு வருடத்தில் அது 34 சதவீதமாகக் குறைந்தது. டெலிரியம் எத்தனை நாள் நீடித்ததோ அந்த அளவுக்குப் பின்விளைவும் கூடியிருந்தது. இன்று மாலைக் குழப்பத்தைக் குறைக்க நீங்கள் எடுக்கும் முயற்சிக்கு இவ்வளவு அழுத்தம் தருவது இதனால்தான்.

வீட்டுக்கு வந்தபின் இது மறதியாக மட்டும் தெரியாது. முன்பு வங்கி வேலையை எல்லாம் தானே பார்த்தவர் படிவத்தை நிரப்பத் திணறுவார். மளிகைக் கடையில் மீதிப் பணத்தை எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்வார். மாத்திரையை இரண்டு முறை போட்டுக்கொள்வார். சிலருக்கு ஐசியு கனவில் வந்து மிரட்டும். சிலர் காரணமில்லாமல் அழுவார்கள். சோம்பேறித்தனம், பிடிவாதம் என்று யாரும் திட்டிவிடாதபடி வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்த டப்பாவில் போட்டு நீங்களே கொடுங்கள். இரு சக்கர வண்டியும் பெரிய பணப் பரிமாற்றமும் மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை வேண்டாம்.

டிஸ்சார்ஜ் ஆகி மூன்று மாதத்தில் நரம்பியல் பிரிவில் ஒரு முறை காட்டுங்கள். அப்போது நினைவுத்திறன், கவனம் இரண்டையும் முறையாகச் சோதிப்பார்கள். பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறைந்திருப்பது சகஜம், கால் மதமதப்புக்கும் மறதிக்கும் அது தனிக் காரணமாக இருக்கலாம், ஊசி போட்டால் சரியாகக்கூடியது. ஐசியுவில் எத்தனை நாள், எந்த மயக்க மருந்து, எத்தனை நாள் குழப்பம் இருந்தது என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லாவிட்டால், இப்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி அதோடு இணைத்து வைத்துக்கொள்ளுங்கள்.